அறுவடையின் மிச்சம்: அமெரிக்க வீட்டு முகப்பில் இலையுதிர்கால அலங்காரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு, நடுமேற்கு மாநிலங்களில் செப்டம்பர் இறுதி தொடங்கி, நவம்பர் நான்காம் வியாழக்கிழமையில் வரும் நன்றியறிதல் நாள் வரையில், வீட்டின் முகப்பை விளைபொருள்களால் அலங்கரிக்கும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. படிகளில் பறங்கிக்காய்கள் வரிசையாக வைக்கப்படும். தூண்களில் காய்ந்த மக்காச்சோளத் தட்டைகள் கட்டப்படும். கதவில் பல நிறக் கதிர்களோ, கொடியை வளைத்துச் செய்த வளையமோ தொங்கும். ஓரத்தில் வைக்கோல் கட்டின்மீது பழந்துணி உடுத்திய சோளக்கொல்லைப் பொம்மை அமர்ந்திருக்கும். இன்று கடைகளில் விலை கொடுத்து வாங்கப்படும் இப்பொருள்கள் ஒரு காலத்தில் வயலில் கிடந்தவை, கால்நடைக்குப் போடப்பட்டவை, அல்லது எறியப்படவிருந்தவை. உழவில் தமக்கிருந்த வேலையை இழந்தபோதோ, அவ்வேலையை அறிந்த மக்கள் பண்ணையை விட்டு நகருக்குப் பெயர்ந்தபோதோதான் அவை வீட்டு வாசலில் நிலைபெற்றன. ஆகவே செலவின்மையும் கைவேலையும் இவ்வழக்கத்தின் குறைகள் ஆகா. அது எழுந்து நின்ற அடித்தளமே அவைதாம் என்பதை அதன் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

முன்தாழ்வாரம்

வீட்டின் முன்சுவரை ஒட்டி, தெருவை நோக்கித் திறந்து, மேலே கூரையும் முன்னே தூண்களும் படிகளும் கொண்டு அமையும் பகுதியை அமெரிக்கர் போர்ச் என்பர். தமிழில் அதனை முன்தாழ்வாரம் எனலாம். நியூயார்க் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களின் வாசல் மேடை, கரீபியன் தீவுகளின் வழியே வந்த மேற்கு ஆப்பிரிக்க வீட்டமைப்பு, ஐரோப்பியச் செவ்வியல் கட்டடங்களின் தூண்வரிசை எனப் பல மரபுகள் இதில் கலந்திருப்பதாகக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். தோட்டக்கலை அறிஞரான ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் 1842இலும் 1850இலும் வெளியிட்ட வீட்டமைப்பு நூல்கள், எளிய குடும்பத்தின் சிறு வீட்டுக்கும் தாழ்வாரம் வேண்டும் என்ற எண்ணத்தைப் பரப்பின. மர அறுவை ஆலைகள் பெருகி, கடைசல் தூண்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது நாடெங்கும் வீட்டின் பொது உறுப்பாயிற்று.

பண்ணை வீடுகளில் தாழ்வாரம் ஓய்வுக்கு மட்டுமன்றி வேலைக்கும் உரிய இடமாக இருந்தது. கூரை இருப்பதால் மழை நேரே படாது. சுவர் இல்லாததால் காற்று தடையின்றி வீசும். எனவே அவரையை உரிப்பதற்கும், ஆப்பிளை நறுக்கி உலர்த்துவதற்கும், வெங்காயத்தைச் சரமாகக் கட்டித் தொங்கவிடுவதற்கும் அது ஏற்ற இடமாயிற்று. அலங்காரம் என்ற பெயர் பெறுவதற்கு முன்பே, இலையுதிர்காலத்தின் விளைபொருள்கள் தாழ்வாரத்துக்கு வந்துபோய்க் கொண்டிருந்தன.

வயலில் இருந்த உறவு

தட்டையும் பறங்கிக்காயும் முகப்பில் எப்போதும் இணைந்தே காணப்படுவதற்கு வேளாண்மையில் காரணம் உண்டு. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள், குறிப்பாக இரோகுவா கூட்டமைப்பைச் சேர்ந்தோர், மக்காச்சோளம், அவரை, பறங்கி ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்துப் பயிரிட்டு, அவற்றை மூன்று சகோதரிகள் என்று அழைத்தனர். சோளத்தட்டை அவரைக்கொடி ஏறக் கொம்பாகும். அவரையின் வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். பறங்கியின் அகன்ற இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காத்துக் களையைத் தடுக்கும். ஐரோப்பியக் குடியேறிகள் இம்முறையில் அவரையைக் கைவிட்டபோதிலும், சோளத்தின் ஊடே பறங்கியை விதைப்பதை 19ஆம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தனர்.

பறங்கி அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய பயிராகும். மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்திலுள்ள கீலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த விதைகள், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அது அங்குப் பயிரிடப்பட்டதை உணர்த்துகின்றன. மார்கழி மாதத்தில் தமிழர் வீட்டு வாசலில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகப்படும் பறங்கிப் பூவும், ஐரோப்பியக் கடல் வாணிகத்தின் வழியே அக்கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த பயிரின் பூவே ஆகும். ஒரே தாவரக் குடும்பம் இரு வேறு நிலங்களில், ஒருவரையொருவர் அறியாத இரு மக்களின் வாசல்களை அணிசெய்வது குறிப்பிடத்தக்கது.

கடும் உறைபனி வருவதற்கு முன், உழவர்கள் மக்காச்சோளத்தைத் தட்டையோடு அறுத்து, பல தட்டைகளைக் கூம்பு வடிவில் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்தி, மேற்பகுதியைச் சேர்த்துக் கட்டிவைத்தனர். மழைநீர் வழிந்தோடவும் உள்ளே காற்று புகவும் இவ்வடிவம் உதவியதால், கதிரும் தட்டையும் வயலிலேயே வாரக்கணக்கில் நின்று உலர்ந்தன. பின்னர்க் கதிரின் மடலை உரித்தெடுத்து, தட்டையை மாட்டுக்குத் தீவனமாக்கினர். தட்டை அறுக்கப்பட்ட பிறகுதான் அதன் ஊடே விளைந்திருந்த பறங்கிக்காய்கள் வெளியே தெரிந்தன. கூம்புக் கட்டுகளும் அவற்றின் அடியில் சிதறிக் கிடந்த செம்மஞ்சள் காய்களும் அக்டோபர் மாத வயலின் இயல்பான தோற்றம். இன்றைய முகப்பு அலங்காரம் அத்தோற்றத்தைச் சிறு அளவில் அப்படியே மீட்டமைக்கிறது.

கதவில் தொங்கும் கதிர்க்கொத்துக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. அறுவடையில் தேர்ந்த கதிர்களை அடுத்த ஆண்டின் விதைக்கென ஒதுக்கி, மடலைப் பின்னோக்கி மடித்துப் பின்னி, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுவது உழவர் வழக்கம். 1930களில் கலப்பின விதை வந்தபோது இவ்வழக்கத்தின் தேவை மறைந்தது. அயோவா மாநிலத்தில் 1935இல் பத்து விழுக்காட்டுக்கும் குறைவான நிலத்தில் இருந்த கலப்பினச் சோளம், நான்கே ஆண்டுகளில் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியது. அதே காலத்தில் பரவிய கதிர் பறிக்கும் இயந்திரம், தட்டையைக் கட்டி நிறுத்தும் வேலையையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. வயலில் வேலை முடிந்த கதிர்க்கொத்தும் தட்டைக்கட்டும் அதன்பின் வாசலில் மட்டுமே நிலைத்தன.

வைக்கோல் கட்டின் கதையும் வேறன்று. செவ்வக வடிவக் கட்டு பழமையானது போலத் தோன்றினாலும், தானே கயிறு கட்டும் இயந்திரத்தைப் பென்சில்வேனியா மாநிலத்து எட்வின் நோல்ட் வடிவமைத்து, 1940இல் நியூ ஹாலந்து நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே அது பண்ணைகளில் பெருவழக்காயிற்று. 1970களில் பெரிய உருளைக் கட்டுகளை உருட்டும் இயந்திரம் வந்ததும், ஒருவர் கையால் தூக்கக்கூடிய சிறு கட்டின் பயன்பாடு பண்ணைகளில் சுருங்கியது. தாழ்வாரத்தில் இருக்கையாகவும் பீடமாகவும் அது தொடர்ந்தது.

நகரத்து நினைவு

இயந்திரங்கள் வருவதற்கு முன்பே நகர மக்கள் வயலை வாசலுக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டனர். அயோவா மாநிலத்தின் சூ சிட்டி நகரில் 1887இலும், தெற்கு டகோட்டாவின் மிட்செல் நகரில் 1892இலும் எழுப்பப்பட்ட மக்காச்சோள அரண்மனைகள், சுவர் முழுவதும் கதிர்களாலும் புல்வகைகளாலும் மூடப்பட்ட விழாக் கட்டடங்களாகும்; குடியேற வருவோருக்கு அந்நிலத்தின் வளத்தைக் காட்டுவது அவற்றின் நோக்கம். மிட்செல் அரண்மனை 1921இல் கட்டப்பட்ட கட்டடத்தில் இன்றும் நிற்கிறது.

வீட்டு அலங்காரத்துக்கு இவற்றைவிட நெருங்கிய முன்னோடி ஒஹாயோ மாநிலத்தின் சர்க்கிள்வில் என்னும் சிற்றூரில் காணப்படுகிறது. 1903 அக்டோபரில் அவ்வூர் மேயர் ஜார்ஜ் ஹாஸ்வெல், மேற்கு மெயின் தெருவிலிருந்த தம் அலுவலகத்தின் முன் காய்ந்த சோளத்தட்டைகளையும் முகம் குடைந்த பறங்கிக்காய்களையும் காட்சிக்கு வைத்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அண்டை வணிகர்களும் சேர்ந்துகொள்ள, அது சர்க்கிள்வில் பறங்கிக்காய் விழாவாக வளர்ந்தது. விலை ஏதுமற்ற இரு பண்ணைப் பொருள்களைக் கட்டட முகப்பில் நிறுத்தியதே ஒரு விழாவுக்கு வித்தாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது. 1920ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக நகரவாழ் மக்கள் அமெரிக்காவில் பெரும்பான்மையாயினர். அவர்களுள் பலர் பண்ணையில் பிறந்தவர்கள் அல்லது பண்ணையில் பிறந்தோரின் பிள்ளைகள். அவர்கள் வீட்டு வாசலில் நின்ற தட்டைக்கட்டு, விட்டுவந்த நிலத்தின் அடையாளமாக இருந்தது.

குடைந்த விளக்கு

முகம் செதுக்கிய பறங்கி விளக்கின் வேர் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் உள்ளது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அக்டோபர் 31 இரவில், டர்னிப் கிழங்கைக் குடைந்து, அச்சுறுத்தும் முகம் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கமாயிருந்தது. குளிர்காலத் தொடக்கமாகிய சாவின் என்னும் கெல்டிக் நாளும், மறுநாள் வரும் கிறித்தவப் புனிதர் அனைவரின் திருநாளும் இணைந்த இரவு அது. ஆவிகள் உலவும் பொழுதெனக் கருதப்பட்டது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலுள்ள நாட்டுப்புற வாழ்வு அருங்காட்சியகத்தில், டோனகால் மாவட்டத்து ஃபின்டவுன் பகுதியிலிருந்து 1943இல் வந்த டர்னிப் விளக்கு ஒன்றின் அச்சு வார்ப்பு உள்ளது; சுருங்கிய அம்முகத்தைக் காண்போர், இவ்வழக்கம் முதலில் அச்சத்தைச் சார்ந்திருந்ததை உணர்வர்.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரிஷ் மக்கள் நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களுள் பெரும்பகுதியினர் அமெரிக்கா சென்றனர். அங்குப் பறங்கிக்காய் டர்னிப்பைவிடப் பெரிதாகவும் மென்மையாகவும், பண்ணையில் மாட்டுக்குப் போடும் அளவுக்கு மலிவாகவும் கிடைத்தது. ஆயினும் பறங்கி விளக்கைக் குடியேறிகள் மட்டுமே உருவாக்கினர் எனக் கொள்வதற்கில்லை. ஜான் கிரீன்லீஃப் விட்டியர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயற்றிய பறங்கிக்காய் பற்றிய கவிதையில், நியூ இங்கிலாந்துச் சிறுவர் காயில் முகம் வெட்டி விளக்கேற்றியது அறுவடைக் கால விளையாட்டாகவே நினைவுகூரப்படுகிறது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் இரு வழக்கங்களும் கலந்து, செதுக்கிய பறங்கி, ஹாலோவீன் எனப்படும் அந்த அக்டோபர் 31 இரவின் சின்னமாகியது. செதுக்காத பறங்கி அறுவடைக்கும் நன்றியறிதல் நாளுக்கும் உரியதாய் நின்றது. ஒரே காய் அக்டோபரில் முகத்தோடும் நவம்பரில் முகமின்றியும் வைக்கப்படுவதன் காரணம் இதுவே.

தாளும் சிக்கனமும்

சிக்கனமான வீட்டலங்காரம் குறித்த எழுத்துகள் 19ஆம் நூற்றாண்டிலேயே பெருகின. கேதரின் பீச்சரும் அவர் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் 1869இல் வெளியிட்ட அமெரிக்கப் பெண்ணின் இல்லம் பற்றிய நூல், வரவேற்பறையை 80 டாலருக்குள் அமைப்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியதோடு, காட்டில் பொறுக்கிய மரப்பட்டை, சுள்ளி, கூம்புக் காய் ஆகியவற்றால் படச்சட்டங்கள் செய்துகொள்ளும் வழிகளையும் விளக்கியது. பணம் குறைவாக இருப்பது அழகுணர்வுக்குத் தடையாகாது என்பதும், அழகு ஒரு குடும்பத்தின் ஒழுக்க வாழ்வோடு தொடர்புடையது என்பதும் அவ்வாசிரியர்களின் உறுதியான கொள்கை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாள் அலங்காரம் இதனோடு சேர்ந்தது. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாமில் இயங்கிய டெனிசன் நிறுவனம், சுருக்கங்கள் கொண்டு இழுத்தால் நீளும் கிரேப் தாளைத் தயாரித்தது. அத்தாளைக் கொண்டு ஹாலோவீன் அலங்காரங்களும் உடைகளும் செய்யும் முறையை விளக்கும் சிறு நூலை அது முதலில் 1909இலும், பின்னர் 1912 முதல் ஆண்டுதோறும் சில காசு விலையில் வெளியிட்டது. பென்சில்வேனியாவின் பீஸ்டில் நிறுவனம் 1920கள் முதல் அச்சில் வெட்டிய அட்டைப் பூனைகளையும் ஆந்தைகளையும், விரித்தால் தேன்கூடு போல் விரியும் மென்தாள் உருண்டைகளையும் விற்றது. இவை விற்பனைப் பொருள்கள் ஆயினும், வாங்குவோர் தாமே வெட்டி, மடித்து, ஒட்டி முடிக்க வேண்டியவையாக இருந்ததால், கைவேலையின் இடம் குறையவில்லை.

தாழ்வாரம் இப்பருவத்தின் மேடையானதற்கு மற்றொரு காரணம் குழந்தைகள். 1920களிலும் 1930களிலும் ஹாலோவீன் இரவில் சிறுவர்கள் வேலிக்கதவைக் கழற்றுவதும், தாழ்வார நாற்காலிகளைத் தூக்கிச் செல்வதும் தொல்லையாக வளர்ந்தன. அதைத் தணிக்க, வீடு வீடாக வரும் சிறுவர்க்குத் தின்பண்டம் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை ஊரார் வளர்த்தனர். போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் முடிந்த பின் அது நாடெங்கும் பரவியது. விளக்கெரியும் பறங்கி படியில் இருந்தால் அவ்வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது பொது அறிகுறியாயிற்று.

பொருளும் செய்முறையும்

வீட்டிலேயே செய்யப்பட்ட அலங்காரங்களின் முறைகள் எளியவை. ஆயினும் ஒவ்வொன்றும் பொருளின் இயல்பை அறிந்து அமைந்தது. இலையில் பச்சையம் சிதையும்போது அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. மேப்பிள் போன்ற மரங்களில் சிவப்பு நிறமி அப்போதுதான் புதிதாக உருவாகிறது. உதிர்ந்த இலை உலர்ந்தால் சுருண்டு பொடியும் என்பதால், 19ஆம் நூற்றாண்டுப் பெண்கள் அதைப் புத்தகத்துக்கிடையில் அழுத்தி வைத்து, தேன்மெழுகு தடவிய இளஞ்சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தனர். மெழுகுப் படலம் வடிவத்தையும் நிறத்தையும் காத்தது. பின்னாளில் ஒரு பங்கு கிளிசரினும் இரு பங்கு நீரும் கலந்து அதில் கிளையின் அடியை நிறுத்தும் முறை வந்தது. நீர் ஆவியான இடத்தில் கிளிசரின் தங்குவதால் இலை வளைந்துகொடுக்கும் தன்மையை இழப்பதில்லை.

மக்காச்சோள மடல் காய்ந்தால் உடையும். வெந்நீரில் ஊறினால் துணிபோல் மடங்கும். பழங்குடிப் பெண்கள் இவ்வியல்பை அறிந்து மடலால் பாயும் பொம்மையும் செய்தனர். குடியேறிகள் அதைக் கற்றனர். ஊறிய மடலை இதழ்போல் மடித்து, காட்டுத் திராட்சைக் கொடியை முறுக்கிச் செய்த வளையத்தில் நெருக்கமாகக் கட்டினால் கதவு வளையம் ஆயத்தமாகும். அலங்காரத்துக்கு வைக்கும் சுரைக்காய்க்குத் தேவையானது பொறுமை ஒன்றே: காற்றோட்டமுள்ள இடத்தில் சில மாதங்கள் கிடந்து, தோலில் படரும் பூசணம் துடைக்கப்பட்டு, குலுக்கினால் விதை ஒலிக்கும் நிலையை அடைந்தபின் அது பல ஆண்டுகள் கெடாது. பறங்கியைக் காம்போடு பறித்து, தோல் கீறாமல் வைத்தால் ஒரு பருவம் முழுதும் நிற்கும். குடைந்தாலோ ஒரு வாரத்தில் தளரும். சோளக்கொல்லைப் பொம்மைக்குக் கிழிந்த சட்டையும் வைக்கோலும் ஒரு சாக்கும் போதும்.

சந்தையும் மண்ணும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குளிரூட்டியும் தொலைக்காட்சியும் மக்களை வீட்டுக்குள் ஈர்த்தன. புதிய புறநகர் வீடுகள் பின்புறத் தோட்டத்தை நோக்கித் திரும்பின. முன்தாழ்வாரம் சிறு படியாகச் சுருங்கியது. 1980களில் ஃப்ளோரிடாவின் சீசைடு என்னும் புதுநகர், வீடுதோறும் முன்தாழ்வாரம் வேண்டும் என விதித்து ஒரு மறுமலர்ச்சியைத் தொடங்கிவைத்தது. போருக்குப் பிந்தைய இக்காலத்தில் பறங்கிக்காயும் உணவிலிருந்து விலகி அலங்காரப் பயிராயிற்று. மசாசூசெட்ஸ் உழவர் ஜான் ஹௌடன் 1960களில் உருவாக்கிய ஹௌடன் வகை, செதுக்குவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆழ்ந்த நிறமும் தடித்த காம்பும் கொண்டு அமைந்தது. பறங்கியின் வரலாற்றை ஆராய்ந்த சிண்டி ஆட், நகரவாசிகளின் பண்ணை ஏக்கம் சிறு உழவர் பலருக்குப் புதிய வருவாயைத் தந்ததை எடுத்துக்காட்டியுள்ளார். இது இவ்வழக்கத்தின் நற்பயன்.

மறுபுறம், நெகிழியாலும் நுரையாலும் செய்த பறங்கிகளும், காற்றடைத்த உருவங்களும் கடைகளை நிறைத்தன; 2020இல் ஹோம் டிப்போ நிறுவனம் 12 அடி உயர எலும்புக்கூட்டை 299 டாலருக்கு விற்றது. இயற்கைப் பொருளிலும் கவனம் வேண்டும் என்பதற்கு ஒரு கொடி சான்றாகிறது. செந்நிறக் காய்களுக்காக வளையங்களில் சேர்க்கப்படும் பிட்டர்ஸ்வீட் கொடியின் ஆசிய இனம், 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று மரங்களைச் சுற்றி நெரித்துக் காடுகளை அழிக்கிறது. எறியப்பட்ட வளையங்களின் காய்களைப் பறவைகள் தின்று விதைகளைப் பரப்புவதால், அலங்காரமே அக்கேட்டுக்கு ஒரு வழியாயிற்று. குப்பைக் கிடங்கில் புதையும் பறங்கியும் காற்றின்றி அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. அதே காய் எருக்குழியிலோ கால்நடைத் தொட்டியிலோ சேர்ந்தால் மண்ணுக்கும் உயிருக்கும் பயன்படுகிறது.

இவ்வரலாற்றை நோக்கும்போது, அமெரிக்க இலையுதிர்கால முகப்பின் சிறப்பு வாங்கப்பட்ட பொருளின் அளவிலோ விலையிலோ இருந்ததில்லை என்பது உறுதியாகிறது. வயல் தந்த மிச்சத்தை வீணாக்காமல் எடுத்து, சில வாரங்கள் அதற்கு மதிப்பளித்து, பின் மண்ணுக்கே திருப்பித் தந்த உழவர் குடும்பங்களின் சிக்கனமே அதன் சிறப்பு. குறைந்த செலவில் தம் கையாலேயே இன்றும் வாசலை அணிசெய்வோர் பெருஞ்செலவு செய்வோருக்கு எவ்வகையிலும் பின்தங்கியவர் அல்லர். இம்மரபை அதன் மெய்யான வடிவில் காத்துவருவோர் அவர்களே.